வில்லிசனின் நவாப்

ஆற்காட்டு நவாப் முகம்மது அலியை ஜார்ஜ் வில்லிசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வரைந்த படத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதற்கு, நண்பர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதிக் கண்டித்திருந்தார். கூலிக்கு முகம் வரைந்த ஒரு வெள்ளைக்காரன், கடன் வாங்கி நகை பூண்ட ஒரு நவாப். இருவருமே கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தவர்கள், கலையின் சரித்திரத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். பதினைந்து வருஷங்களுக்கு முன் நானே இதைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறேன். கம்பெனிக் காலத்து எண்ணெய்ச் சித்திரங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் 'ஆவணம்' என்று ஒதுக்கிவிடுவது அப்போது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒதுக்கிவிட்டால் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. இன்று எனக்கு அந்தச் சௌகரியத்தின் மேல்தான் சந்தேகம்.

முதலில் ஒரு ஒப்புதல். வில்லிசனின் கான்வாஸை நான் நேரில் பார்த்தவனில்லை. மில்ட்ரெட் ஆர்ச்சர் 1979இல் வெளியிட்ட இந்திய-பிரிட்டிஷ் உருவப்படங்கள் பற்றிய பெரிய புத்தகத்திலிருந்து யாரோ எடுத்த மங்கலான ஜெராக்ஸில் அது எனக்கு அறிமுகமாயிற்று. பிறகு கம்ப்யூட்டர் திரையில், நவாபின் முத்துக்களை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரதியைப் பார்த்துவிட்டு ஓவிய விமர்சனம் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, நம்மில் எத்தனை பேர் ஸெஸானையும் வான்காவையும் வேறு எப்படிப் பார்த்தோம் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

வில்லிசன் 1741இல் எடின்பரோவில் பிறந்தவர். அச்சுக்கூடம் வைத்திருந்தவரின் மகன். மாமா ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் பார்லிமெண்ட் அங்கத்தினர், கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டராகவும் இருந்தவர். இந்த மாமாவின் செலவில்தான் பையன் ரோமுக்குப் படிக்கப் போனான். பிறகு லண்டன், அங்கே படங்கள் காட்சிக்கு வைத்தும் பெரிய பெயர் வரவில்லை. 1774இல் சென்னப்பட்டணம். ஆறு வருஷம் நவாபையும் அவருடைய குடும்பத்தாரையும் கம்பெனி மனிதர்களையும் வரைந்துவிட்டு 1780இல் ஊர் திரும்பினார். எடின்பரோவிலேயே 1797இல் இறந்தார். வாழ்க்கை இவ்வளவுதான். பழைய பிரிட்டிஷ் வாழ்க்கைக் குறிப்பு அகராதி இன்னொரு கதையும் சொல்கிறது: வில்லிசனுக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியும், இங்கே ஒரு பணக்காரருக்கு வெகுநாளாக ஆறாமல் இருந்த புண்ணை ஆற்றினார், அவர் தன் சொத்தில் பெரும்பகுதியை இவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார் என்று. தூரிகை சம்பாதித்துத் தராததைக் களிம்பு சம்பாதித்துத் தந்தது என்றால் நம் சித்த வைத்தியர்கள் சந்தோஷப்படுவார்கள். போகட்டும்.

ரோமில் இருந்தபோது, 1765இல், தன் ஊர்க்காரனும் ஏறக்குறைய சமவயதுக்காரனுமான ஜேம்ஸ் பாஸ்வெல்லை வில்லிசன் வரைந்தார். பிற்காலத்தில் ஜான்ஸனின் சரித்திரத்தை எழுதப்போகிற அதே பாஸ்வெல். இந்தப் படம் இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய உருவப்பட மாளிகையில் இருக்கிறது. ரோமத்தோல் வைத்த மேலங்கி, சிவப்பு உள்கோட்டு, தன்னைப் பற்றித் தானே வியந்துகொள்ளும் ஒரு இளைஞனின் முகம். ஆனால் படத்தில் உயிரோடு இருப்பது முகத்துக்கு மேலே. இருட்டில் ஒரு கிளை. கிளையில் ஒரு ஆந்தை. ஞானத்தின் சின்னம் என்று பாஸ்வெல் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வில்லிசன் அதைச் சின்னமாக வரையவில்லை, ஆந்தையாகவே வரைந்திருக்கிறார். அந்தப் பறவைக்கும் அந்த மனிதனுக்கும் பின்னால் ஒரு இரவு இருக்கிறது. அந்த இரவில் பாஸ்வெல் பேச்சை நிறுத்தினால் வேறு சத்தங்கள் கேட்கும் என்று தோன்றுகிறது. முகத்தை வரைகிறவனுக்கு முகத்தின் பின்னால் உள்ள உலகமும் தெரியும் என்பதற்கு இந்தப் படம் அத்தாட்சி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏனென்றால் சென்னைக்கு வந்த வில்லிசனிடம் நான் தேடிப் பார்த்து ஏமாந்தது இதைத்தான்.

நவாப் நிற்கிறார். வெண்தாடி, தலைப்பாகை, கழுத்திலிருந்து மார்பு வரை முத்தும் மணியும், தரையைத் தொடுகிற அங்கி, வாள். வயது அறுபதை நெருங்கியிருக்கும். அவர் பிறந்தது 1717. லண்டனில் எந்தப் பிரபுவையும் நிறுத்துகிற மாதிரியே நிறுத்தியிருக்கிறார் வில்லிசன். இவருக்கு முன்னால் 1769இல் வந்த டில்லி கெட்டில் என்ற ஆங்கிலேயரும் நவாபை இப்படித்தான் நிறுத்தினார். அந்தப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. உடைகளையும் நகைகளையும் மாற்றிவிட்டால் யாரை வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய நிலை இது. கண் நம்மைப் பார்ப்பது போலவும் இருக்கிறது, பார்க்காதது போலவும் இருக்கிறது. துவிபாஷியை நடுவில் வைத்துப் பேசிப் பழகிய கண் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள் அது என் இலக்கியத்தனம் என்று தோன்றியது. முகம் நன்றாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு முகமூடியை நன்றாக வரைந்த மாதிரி. நான் பார்த்த பிரதிகளில் நவாபுக்குப் பின்னால் நிலம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு பனைமரம் இல்லை. வடாற்காட்டிலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை தன் நிலம் என்று பாத்தியம் கொண்டாடிய ஒரு மனிதருக்குக் காலடியில் கம்பளம் மட்டும்.

இது வில்லிசனின் கவனக்குறைவா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வருஷங்களில் நவாபின் நிலம் எங்கே இருந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும். அது அடமானத்தில் இருந்தது. சேப்பாக்கத்து அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படும் பால் பென்ஃபீல்டே நவாபுக்குப் பெரிய கடன்காரருமானார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் கம்பெனியிடம் வாங்கிய சம்பளத்தை நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து, வட்டிக்கு ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலை எழுதி வாங்கினார்கள். 1773இல் நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்தது. 1776இல் கவர்னர் பிகட் அதைத் துளஜாஜி ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சை வயல்களில் நின்ற பயிர்மேல் தனக்குப் பாத்தியம் உண்டு என்று பென்ஃபீல்டு வழக்குக் கொண்டுவந்தார். அந்தச் சண்டையில் கவர்னரையே அவருடைய கவுன்சில்காரர்கள் கைது செய்தார்கள். மறு வருஷம் காவலிலேயே பிகட் இறந்தார். வில்லிசன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இவை எல்லாம் அவர் குடியிருந்த பட்டணத்தில் நடந்தவை. நவாபின் கடனைப் பற்றி எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் பேசிய புகழ்பெற்ற பேச்சு 1785ஆம் வருஷத்தது. அதற்குள் வில்லிசன் ஊருக்குப் போய் ஐந்து வருஷமாகிவிட்டது.

இந்தச் சூழ்நிலையில் நவாபின் உருவப்படம் அலங்காரத்துக்காக எழுதப்பட்டது அல்ல. அது கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. கம்பெனிக்கும் கவர்னர்களுக்கும் தன் உருவத்தைப் பரிசாக அனுப்புவதன் மூலம், நான் கடன்காரன் அல்ல, உங்கள் ராஜாவுக்குச் சமமான ராஜா என்று முகம்மது அலி வாதாடிக்கொண்டிருந்தார். அவருடைய வக்காலத்துக்காரர்கள் லண்டனில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் மாக்ஃபர்ஸன். ஆஸியன் என்ற பழங்காலக் கவியின் கேலிக் காவியங்களை மொழிபெயர்த்தேன் என்று 1760களில் ஐரோப்பா முழுவதையும் மயக்கிய அதே மாக்ஃபர்ஸன். கதெவும் நெப்போலியனும் நம்பிப் படித்த பழங்கவியில் பெரும்பகுதி அவருடைய சொந்தக் கைச்சரக்கு என்று பிறகு நிலைநாட்டப்பட்டது. ஆக நம் நவாபுக்கு முகம் கொடுத்தது ஒரு ஸ்காட்லாந்துக்காரர், லண்டனில் குரல் கொடுத்தது இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாமவர் தன் தேசத்தின் பனிமூட்டத்தையும் மலையையும் காவியமாக விற்றவர். நிலக்காட்சியை எப்படி விற்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நவாபின் விஷயத்தில் விற்பதற்கு நிலக்காட்சி எதுவும் மிச்சமில்லை.

நான் இருப்பது சிதம்பரத்தில். வேலை நிமித்தம் பல வருஷங்கள் கடலூருக்குப் பாஸஞ்சர் ரயிலில் போய்வந்தேன். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழி, சவுக்கு, முந்திரி, அப்புறம் ரசாயன ஆலைகளின் நெடி. வில்லிசனின் படத்தில் இல்லாத நிலம் எது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டபோது, அது வேறெங்கோ இல்லை, இந்த ஜன்னலுக்கு வெளியேதான் என்று உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

இந்த நிலத்தைக் கம்பெனி பார்த்த விதம் வேறு. 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, எல்லையைச் சங்கிலி வைத்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரை நாலா பக்கமும் உள்ள நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு எட்டிய கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இன்றும் கடலூருக்குப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பெயருக்குக் காரணம் கேட்டால் பீரங்கியைத்தான் சொல்கிறார்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டு, எட்டுகிற தூரம்வரை எல்லாம் என்னுடையது என்று சொல்லும் இந்த முறைக்கும், ஓவியத்தில் பார்வைப்புள்ளி என்று சொல்கிறோமே அதற்கும் உறவு உண்டு என்று எனக்குப் படுகிறது. இந்தக் கோட்டை விலைக்கு வாங்கப்பட்டபோது சென்னையில் தலைமையில் இருந்தவர் எலிஹூ யேல். அவர் பெயரைத் தாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கலை மையத்தில்தான் வில்லிசன் லண்டனில் 1771 வாக்கில் வரைந்த நான்ஸி பார்ஸன்ஸின் படம் இருக்கிறது: துருக்கி உடையில் ஒரு ஆங்கிலப் பெண். இங்கே வருவதற்கு முன்பே கிழக்கை உடையாகத் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் மனிதர்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்தார்கள். வில்லிசன் கப்பலேறிய 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் ஒரு கோட்டை; உள்ளே ஹைதரின் ஆட்கள், வெளியே அயர் கூட்டின் படை. கூட்டின் தாக்குதல் தோற்றது. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஜெயித்தார். அந்தப் படையில் ஸ்காட்லாந்து மலைநாட்டு ரெஜிமெண்ட் ஒன்று இருந்தது. சண்டை நடுவே பைப் வாசித்த தைரியத்துக்காக வெள்ளியில் ஒரு பைப் செய்துகொள்ள கூட் ஐம்பது பவுன் கொடுத்தார் என்று ரெஜிமெண்ட் கதை. வில்லிசன் வரையாத நிலத்தை அவருடைய ஊர்க்காரர்கள் மறு வருஷமே நடந்து பார்த்துவிட்டார்கள்.

கோயிலுக்குள் வருகிறேன். சிவகாமி அம்மன் சந்நிதி முன்மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருக்கின்றன. பிட்சாடனர், மோகினி, தாருகாவனத்து ரிஷிகளும் அவர்களுடைய பத்தினிகளும். இன்னொரு பக்கம் மாணிக்கவாசகர் கதை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பல இடங்களில் புகை ஏறியிருக்கிறது, சில இடங்களில் உரிந்திருக்கிறது. இங்கே உருவங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சிவப்பு. வெறும் சிவப்பு. அதாவது 'பின்னால்' என்ற ஒன்றே இல்லை. மரம் வேண்டுமானால் மரம் பெண்ணுக்குப் பக்கத்தில், பெண்ணின் உயரத்திலேயே நிற்கிறது. ஒரு கதையை ஐந்து தடவை வெவ்வேறு இடத்தில் அதே ஆள் நடந்துகொண்டே சொல்கிறான். பார்க்கிற நாமும் மண்டபத்தில் நடந்தாக வேண்டியிருக்கிறது. நின்ற இடத்திலிருந்து எதுவும் முழுதாகத் தெரியாது.

இவ்விடத்தில் நம்மவர்கள் உற்சாகமாகக் கிளம்பிவிடுவார்கள் என்று தெரியும். மேற்கு ஒற்றைக்கண், கிழக்கு முழுமை. பார்வைப்புள்ளி ஆக்கிரமிப்பு, திணை சமரசம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் விட்டார்கள். இந்தச் சமன்பாட்டில் எனக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை. நாயக்கர் காலத்து ஓவியனும் கூலிக்காரன்தான், அவனுக்கும் படியளந்தவன் ஒருவன் உண்டு. பார்வைப்புள்ளியை வைத்துக்கொண்டே நிலத்தோடு நேர்மையாக இருந்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்திலேயே அலெக்ஸாண்டர் நாஸ்மித் இருக்கிறார். கவி ராபர்ட் பர்ன்ஸின் நமக்குத் தெரிந்த முகம் 1787இல் அவர் வரைந்தது. அவருடைய அரசியல் கருத்துகள் பிரபுக்களுக்குப் பிடிக்காமல் போய், உருவப்பட வேலைகள் குறைந்து, அவர் நிலக்காட்சிக்குத் திரும்பினார் என்கிறார்கள். முகங்கள் கதவைச் சாத்திக்கொண்டபோது அவருக்கு நிலம் கிடைத்தது.

இன்னொருவர் ஜேம்ஸ் வேல்ஸ். வடக்கே பீட்டர்ஹெட் என்ற துறைமுக ஊரில் 1747இல் பிறந்து, 1791இல் பம்பாய்க்கு வந்தவர். முகம் வரைவதே அவருக்கும் தொழில். பூனாவில் பேஷ்வா மாதவராவையும் நானா பட்னவீஸையும் மகாதஜி ஷிந்தேயையும் வரைந்தார். ஆனால் பம்பாய்த் தீவையும் வரைந்தார். எல்லோராவுக்கும் எலிபெண்டாவுக்கும் கன்ஹேரிக்கும் போய்க் குகைகளுக்குள் இறங்கி அளந்து அளந்து வரைந்தார். பூனாவில் அவரோடு வேலை செய்த கங்காராம் தாம்பட் என்ற மராட்டிய ஓவியரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது, அவருடைய கோடுகளும் கிடைத்திருக்கின்றன. கன்ஹேரி வேலையின்போது பிடித்த காய்ச்சலில் 1795இல் வேல்ஸ் இறந்தார். எல்லோராப் படங்கள் அவர் இறந்தபிறகுதான் தாமஸ் டேனியலின் முயற்சியால் அச்சேறின. வேல்ஸ் பெரிய கலைஞர் என்று வாதாட மாட்டேன். வில்லிசனைவிடக் கை சுத்தம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவருடைய குகைப் படங்களில் ஒரு திகைப்பு இருக்கிறது. தான் பார்ப்பது தனக்குப் புரியவில்லை என்பதை மறைக்காத கோடு அது. வில்லிசனின் நவாபில் எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் குறை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்த அங்கி.

முதல் தடவை ஜெராக்ஸில் அது வெறும் வெள்ளைப் பரப்பு. திரையில் பார்த்தபோது, முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று துணியில் இருப்பது தெரிந்தது. அதன் மடிப்புகள் ஐரோப்பியப் படங்களில் பட்டும் வெல்வெட்டும் மடிகிற விதத்தில் மடியவில்லை. கனமில்லாத துணி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல சுற்று சேர்ந்தபிறகே நிறம் பெறுகிற துணி. ரோமிலும் லண்டனிலும் கற்றுக்கொண்டது இதற்கு உதவவில்லை. இங்கே வில்லிசன் தடுமாறுகிறார், தடுமாறுவதால் பார்க்கிறார். பாஸ்வெல்லின் ஆந்தைக்கு அப்புறம் ஒன்பது பத்து வருஷம் கழித்து அவர் மறுபடியும் ஒரு பொருளை அதன் சின்னத்துக்காக அல்லாமல் அதற்காகவே வரைந்திருக்கிறார் என்றால், அது இந்தத் துணியைத்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அந்தக் கப்பல்கள் எல்லாம் எதற்காக வந்தன? துணிக்காக. தேவனாம்பட்டினத்தில் கம்பெனி கோட்டை வாங்கியதும் துணிக்காகவே. கடலூர்ச் சுற்றுவட்டத்துத் தறிகளுக்கு முன்பணம் கொடுத்து, தானைத் தானாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். லண்டனில் துணியைத் தொட்டுப் பார்த்து விலை சொல்லத் தெரிந்த கண்கள்தான் இந்தப் படங்களையும் பார்த்தன. வில்லிசனின் மாமா கம்பெனி டைரக்டர். ஆகவே துணியைப் பார்க்கிற கண்ணும் சந்தைக் கண்ணே என்று என் நண்பர் எழுதுவார். இருக்கலாம். ஆனால் சந்தைக் கண் துணியின் விலையைப் பார்க்கும். அது உடம்பின்மேல் எப்படி விழுகிறது, வெளிச்சத்தை எவ்வளவு உள்ளே விட்டு எவ்வளவு நிறுத்துகிறது என்று பார்க்காது. சிதம்பரத்து விதானத்திலும் ரிஷிபத்தினிகளின் சேலைகளை இப்படி ஒருவன் பார்த்திருக்கிறான். ஆடை நழுவுகிற கதை அது. கதையை மறந்துவிட்டு ஒவ்வொரு சேலைக்கும் வேறு வேறு கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் வில்லிசனுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல், அதைவிட அதிகமாக வேறென்னென்னவோ இருக்கிறது. துணி விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி எனக்குத் தோன்றுகிறது. நவாபின் படத்தில் நிலம் இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஆற்றையும் பருத்தியையும் தறியையும் யாரும் பெயர் கேட்காத ஒரு கையையும் கடந்து வந்த துணி அது. எந்தத் தறி என்று படம் சொல்லாது. ஆனால் தறி இல்லாமல் அந்த வெள்ளை இல்லை.

முகத்தைப் பொறுத்தவரை, முகம்மது அலியின் காலத்து முகங்களை உண்மையில் வரைந்தவர் ஓவியரே அல்ல. புதுச்சேரியில் 1736 முதல் 1761இல் சாகிறவரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்குத் துவிபாஷி, வியாபாரி, எல்லாரையும் அருகிலிருந்து, சம்பாதித்துக்கொண்டே, பயந்துகொண்டே பார்த்தவர். அவருடைய துய்ப்ளேயும் துய்ப்ளேயின் மனைவியும் நம் பாஷையில் எழுதப்பட்ட மிகச்சிறந்த போர்ட்ரெயிட்டுகள் என்று சொன்னால், நம் பண்டிதர்கள் அது கொச்சைத் தமிழ் என்பார்கள். அந்தக் கொச்சையில் மனிதர்கள் கோபிக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், கணக்குத் தவறுகிறார்கள். கூலிக்கு இருந்தவன் பார்க்க முடியாது என்பவர்கள் பிள்ளையைப் படிக்க வேண்டும். அவரும் கூலிக்கு இருந்தவர்தான். வித்தியாசம், அவர் இரவில் வீட்டுக்கு வந்து தனக்காக எழுதினார். வில்லிசன் தனக்காக எதையாவது வரைந்தாரா? மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாலையில் போய் ஒரு குளத்தையாவது கிறுக்கிப் பார்த்தாரா? அவருடைய பெயரால் நமக்கு வந்திருப்பவை முகங்கள்.

சொந்த விஷயம் ஒன்று சொல்கிறேன். விமர்சனத்தில் இதற்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம். என் தாத்தாவின் புகைப்படம் ஒன்றே ஒன்று எங்களிடம் இருக்கிறது. புவனகிரிப் பக்கத்தில் கொஞ்சம் நஞ்சை வைத்திருந்தவர். பெரியம்மாவின் கல்யாணத்துக்காக அதில் பாதியை ஈடு வைத்த வருஷம், மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். ஏன் அந்த வருஷம் போய் எடுத்துக்கொண்டார் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் எழுதித் தொங்கவிட்ட திரை: மாடிப்படி, ஏரி, அன்னம். இரவல் கோட்டு. முகத்தில் ஒன்றும் இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் இந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருக்கும். யாருடைய ஏரி அது, எந்த ஊரில் அன்னம்? வெகுநாள் கழித்துத்தான் அவருடைய காலைப் பார்த்தேன். செருப்பில்லை. வரப்பில் வழுக்காமல் நடந்து நடந்து விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று அகன்ற கால். ஸ்டூடியோக்காரர் கோட்டைக் கொடுத்தார், பூட்ஸ் கொடுக்க மறந்துவிட்டார். மீட்க முடியாமல் போன அந்த நிலம் எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அந்தக் காலில் மட்டும்தான். ஈடு வைத்த மனிதன், இரவல் பின்னணி என்று நவாபோடு தாத்தாவைச் சேர்ப்பது அபத்தம். தாத்தாவின் மாதிரி ஆட்களிடமிருந்துதான் நவாபின் கடனுக்கு வட்டி போயிற்று. ஆனால் ஒரு படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை எனக்கு அந்தக் கால் சொல்லிக்கொடுத்தது. இல்லாவிட்டால் நவாபின் அங்கியை நான் பார்த்திருக்க மாட்டேன்.

நண்பருக்கு எழுதிய பதிலில் இதையெல்லாம் சொல்லவில்லை. வில்லிசன் நல்ல ஓவியரா என்று ஒரு வரியில் கேட்டால், இரண்டாந்தரம் என்றுதான் சொல்வேன் என்று எழுதினேன். அவர் திரும்பிப் போன எடின்பரோவில் சில வருஷங்களில் ரேபர்ன் வரைய ஆரம்பித்துவிட்டார். ரேபர்னின் முகங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் நம் நவாப் பொம்மை. முதல்தர ஓவியர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் நமக்கு நடந்ததைப் பற்றி எழுத முடியாது என்றும் ஒரு வரி எழுதி, பெரிய வார்த்தையாகப் பட்டதால் அடித்துவிட்டேன்.

என்றாவது லண்டனுக்குப் போக வாய்த்தால் அந்தக் கான்வாஸின் கீழ்ப்பகுதியை, அங்கியின் விளிம்பு கம்பளத்தைத் தொடுகிற இடத்தை, கிட்டே நின்று பார்க்க வேண்டும். அதுவரை நிதானமாகப் போன தூரிகை அங்கே அவசரப்பட்டிருக்கிறதா, துணியைத் துணியாகவே கடைசிவரை கொண்டுபோய் முடித்திருக்கிறாரா என்று ஒரு சந்தேகம். எவ்வளவு பெரிதாக்கினாலும் திரையில் அந்த இடம் கலங்கிப்போகிறது.